நேர்ந்து விட்ட நாய் களவுபோனது குறித்து

அனுப்புநர்:
வெ. மொக்கைச்சாமி, வயது 54,
பூட்டுப் பட்டறை, திண்டுக்கல் டவுன்.
(குடியிருப்பு: செங்குளத்துப்பட்டி, சிறுமலை அடிவாரம். பதில் எதுவானாலும் பட்டறை முகவரிக்கே அனுப்பவும். காரணம் கீழே எழுதியிருக்கிறேன்.)

பெறுநர்:
உயர்திரு டெபுடி போலீஸ் சூப்பரிண்டெண்டு அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: செங்குளத்துப்பட்டியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் வளர்ப்பு நாய்களை மூடு வேனில் களவாடிச் செல்வதைத் தடுக்கக் கோருதல், என் மகன் வளர்த்த கருவாயன் என்னும் கோம்பை நாய் பற்றித் தனியே ஒரு வேண்டுகோள்.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் இருபத்தெட்டு வருஷமாகப் பூட்டுத் தொழில் செய்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன். இந்த மனுவை முதலில் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லித்தான் எழுதினேன். அவர் நான் சொன்னதில் பாதியைக் கேட்டுவிட்டு, “மேற்படி நாயைக் கண்டுபிடித்து மனுதாரர் வசம் ஒப்படைக்க வேண்டியது” என்று நாலு வரியில் முடித்துவிட்டார். நான் கேட்பது அது அல்ல. அதனால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு நானே எழுதுகிறேன். நீளமாக இருந்தால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. சென்ற மாசி மாதத்திலிருந்து எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் ஏழு வளர்ப்பு நாய்கள் களவுபோயிருக்கின்றன. கூடையில் கொய்யாப்பழம் விற்கும் செபஸ்தியம்மாள் என்பவரின் நாய் ஒன்று. நூர் முகமது அவர்களின் திராட்சைத் தோட்டத்துக் காவல் நாய்கள் இரண்டு. மாவு மில்லில் இருந்தது ஒன்று. தெருவில் திரியும் சொறிநாயை ஒருவரும் தொடவில்லை. காவலுக்கு ஆகிற, நன்றாகச் சோறு போட்டு வளர்த்த நாயாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

3. கேட்டும் கண்டும் நான் அறிந்தவரை எடுக்கிற விதம் இது. பச்சைப் பெயிண்ட் அடித்த மூடு வேன் ஒன்று, ஆண்கள் வேலைக்குப் போன பிறகு, காலை ஒன்பது பத்து மணிக்கு ஊர் எல்லையில் வந்து நிற்கும். வேனுக்குள் ஒரு பெட்டை நாயைக் கட்டி வைத்திருப்பார்கள். கருவாட்டைச் சுட்டு வாடை கிளப்புவார்கள். கிட்டே வருகிற நாயின் தலையில் சாக்கைப் போட்டு அமுக்கி ஏற்றிவிடுவார்கள். எண் எம்.டி.யு. என்று தொடங்கி 47 என்று முடிகிறது. நடுவில் உள்ள எண்ணின் மேல் சேறு பூசியிருக்கிறது. மலைத் தோட்டங்களுக்குக் காவல் நாய் என்று சொல்லி விற்பதாகக் கேள்வி. அங்கே அவற்றை இரவும் பகலும் சங்கிலியிலேயே வைத்திருக்கிறார்களாம்.

4. இனி என் வீட்டு விஷயம். என் ஒரே மகன் சோலைமுத்து ராணுவத்தில் லாரி டிரைவர். 1960-ல் முதல் விடுமுறையில் வந்தபோது கோம்பைக்குப் போய் ஒரு குட்டியைத் துணிப்பைக்குள் வைத்து, பஸ் கண்டக்டருக்குத் தெரியாமல் கொண்டுவந்து சேர்த்தான். செவலை நிறம். வாய் மட்டும் கரி பூசியது போலக் கறுப்பு. அதனால் கருவாயன் என்று பெயர் வைத்தான். நான் அதன் கழுத்துப்பட்டைக்குப் புளியங்கொட்டை அளவில் ஒரு பித்தளைப் பூட்டுச் செய்து கொடுத்தேன். இரண்டு சாவி. ஒன்று என்னிடம். மற்றொன்றைச் சோலைமுத்து தன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். விளையாட்டுக்குத்தான். நாய்க்கு எதற்கடா பூட்டு என்று ஊரே கேலி செய்தது. விடுமுறை முடிந்து ரயில் ஏறும்போது தாயிடம் அவன் சொன்னது: “ஆத்தா, கறி வச்சா எலும்ப இவனுக்குப் போடு. சதைய எனக்கு எடுத்து வையி. வாரேன்.”

5. 1962 நவம்பர் 29-ஆம் தேதி தந்தி வந்தது. வடகிழக்கு எல்லையில் நடந்த சண்டையில் அவனைக் காணவில்லை என்று இருந்தது. இறந்தான் என்று இல்லை. காணவில்லை என்றுதான் இருந்தது. அன்றிலிருந்து என் மனைவி ஒச்சம்மாள் சோற்றைத் தொடவில்லை. கம்பங்கூழைக் கரைத்து ஒரு வேளை குடிப்பாள். வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள்.

6. எங்கள் பக்கம் ஆடு, மாடு, சேவல் என்று எதையாவது சாமிக்கு நேர்ந்து விடுவது உண்டு. நேர்ந்து விட்டால் அதைக் கட்டக்கூடாது. வீட்டுக்குள் சேர்க்கக்கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. யார் வேண்டுமானாலும் தீனி போடலாம். யாரும் உரிமை கொண்டாட முடியாது. வேண்டுதல் பலித்த பிறகு செலுத்துவதுதான் முறை. கார்த்திகை மாதக் கடைசி வெள்ளியன்று என் மனைவி முறையை மாற்றி முதலிலேயே கொடுத்துவிட்டாள். மகன் வந்த பிறகு தருகிறேன் என்று சொன்னால் கருப்பணசாமி சந்தேகப்படுவார் என்பது அவள் எண்ணம். வீட்டில் மகனுடையது என்று இருந்த ஒரே உயிர் கருவாயன். “எம் மகனுக்குப் பதிலா இத வாங்கிக்க, அவன விட்டுரு” என்று குளத்தங்கரைக் கோயிலில் அதன் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். அது உடம்பை உதறியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று கூடியிருந்த பெண்கள் குலவை போட்டார்கள்.

7. தண்ணீரை ஊற்றினால் எந்த நாயும் உதறத்தான் செய்யும். இதை அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூட்டைத் திற என்றாள். திறந்தேன். பட்டை இருந்த இடத்தில் ரோமம் தேய்ந்து வெளுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. அதைத் தாங்கள் அடையாளமாகக் குறித்துக்கொள்ளலாம்.

8. சாமிக்குக் கொடுத்தது நாய்க்குத் தெரியாது அல்லவா. அது சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடும். வாசல் படலுக்கு வெளியே படுத்துக்கொண்டு உள்ளே பார்க்கும். ஒச்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சோற்றை எடுத்துக்கொண்டு அரை மைல் நடந்து கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வருவாள். அதுவும் பின்னாலேயே போய்த் தின்றுவிட்டு, பின்னாலேயே திரும்பி வந்து அதே இடத்தில் படுக்கும். எலும்பைப் போட்டாள். சதையை எடுத்து வைத்தாளா என்று நான் கேட்கவில்லை. ஆறு மாதம் அந்த நாயை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

9. 1963 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. சோறு கொண்டுபோன என் மனைவி கோயிலில் நாயைக் காணாமல் குளத்தங்கரை முழுவதும் தேடியிருக்கிறாள். பிறகு ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். சீக்காக இருந்ததால் நான் அன்று பட்டறைக்குப் போகவில்லை. “இந்தாருய்யா, கருப்பன் வாங்கிக்கிட்டான்! எம்புள்ள வந்துருவான்!” என்றாள். அன்று மறுபடியும் உலை வைத்துச் சோறு பொங்கி, கத்தரிக்காய் வெஞ்சனம் வைத்து எனக்கும் போட்டுத் தானும் சாப்பிட்டாள். ஏழு மாதத்தில் அவள் சோறு சாப்பிட்டது அன்றுதான். மறுநாள் வீட்டுக்கு வெள்ளையடித்தாள். மகனுடைய சட்டைகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்தாள். இப்போது தினமும் அப்படித்தான் இருக்கிறாள், ஐயா. பாட்டுக்கூடப் பாடுகிறாள்.

10. நாய் காணாமல்போன அன்று சாயங்காலமே செபஸ்தியம்மாள் என்னைத் தனியாக அழைத்து, தான் கண்டதைச் சொன்னார். கோயிலுக்குப் பின்னால் கொய்யாக் கூடையை இறக்கி வைத்திருந்தபோது, பச்சை வேனில் வந்த நீலச் சட்டைக்காரன் கருவாயன் மேல் சாக்கைப் போட்டுத் தூக்கினானாம். “அண்ணே, அது சாமி எடுத்ததில்ல, களவாணிப்பய எடுத்தது. எந்நாய எடுத்தவனும் அவனாத்தான் இருக்கும். வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்” என்றார். நான் அவர் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கிறிஸ்தவ வேதக்காரர். பொய் சொல்லாதவர். “ஒச்சம்மா அக்கா சோறு திங்குதா?” என்று கேட்டார். தின்கிறாள் என்றேன். சரி என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். களவை நேரில் கண்ட சாட்சி அவர் ஒருவர்தான். நான் அவர் வாயைக் கட்டியதால் ஆறு நாய்களை இழந்த மற்றவர்களின் புகாருக்கும் சாட்சி இல்லாமல் போயிற்று. அவருடைய நாயும் அந்த ஆறில் ஒன்று. இது குற்றம் என்றால் அந்தக் குற்றத்தைச் செய்தவன் நான். அவர் பேரில் நடவடிக்கை எதுவும் கூடாது.

11. ஜூன் 27-ஆம் தேதி பட்டறை முகவரிக்கு ராணுவ ஆபீசிலிருந்து இங்கிலீஷ் கடிதம் வந்தது. போஸ்ட் மாஸ்டர் படித்துச் சொன்னார். சீனாவிலிருந்து திரும்பி வந்த கைதிகளின் பட்டியலில் சோலைமுத்துவின் பெயர் இல்லை. வேறு தகவல் கிடைத்தால் தெரிவிப்போம் என்று இருந்தது. போஸ்ட் மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

12. ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை, கொடைரோட்டு வியாபாரியின் சரக்கோடு சேர்த்துப் பூட்டுப் பார்சல் ஒன்றை ரயிலில் போட, வழக்கம்போலக் கொடைரோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். கடிதம் அதே சட்டைப் பையில் இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே புளிய மரத்தடியில் பச்சை வேன் நின்றது. பின் கதவைத் திறந்து போட்டு, நாய்களுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான் நீலச் சட்டைக்காரன். நான்கு நாய்கள். மூன்றாவது கருவாயன். பதினாறு நாளில் விலா எலும்பு தெரிந்தது. என்னைக் கண்டதும் எழுந்தது. குரைக்கவில்லை. வாலை ஆட்டியது, உடம்பெல்லாம் ஆடியது. சங்கிலி இழுக்கிற மட்டும் முன்னால் வந்து நின்றது.

13. ஸ்டேஷனில் போர்ட்டர்கள் இருந்தார்கள். வண்டிக்காரர்கள் இருந்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும், அது யாருடைய நாய் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டியதில்லை. நான் கூப்பிடவில்லை. இதைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அவளிடம் என்ன சொல்வது என்று மட்டும்தான் யோசித்தேன். கருப்பன் வாங்கிக்கொள்ளவில்லை, திருப்பி அனுப்பிவிட்டான் என்று சொல்வதா? கடிதத்தையும் சேர்த்துக் கொடுப்பதா? பார்சலில் ஒட்டியிருந்த முகவரியைப் படிப்பது போல நின்றுகொண்டேன். அது அனுப்புகிறவன் முகவரி, என்னுடையதுதான். வேன் புறப்பட்டு மலைப் பக்கம் போனது. அப்போதுதான் நாய் குரைத்தது.

14. அதன் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஜூலை 2-ஆம் தேதி எங்கள் சரகத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த ஏட்டு நான் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, “நேர்ந்து விட்டதுக்கு ஏதுய்யா சொந்தக்காரன்? கருப்பணசாமியக் கூட்டிட்டு வா, கையெழுத்துப் போடட்டும், எழுதிக்கிறேன்” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பூட்டுக்காரன் நாயையே களவாண்டுட்டானா என்று ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. ஏட்டு கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பூட்டுத் தொழிலில் ஒன்று சொல்வோம்: கதவு திறந்து கிடப்பதால் வீடு இல்லை என்று ஆகிவிடாது. கட்டாமல் விட்ட நாய் எடுத்துக்கொள்ளச் சொல்லி விட்ட நாய் அல்ல. சாமிக்குக் கொடுத்ததை மனிதன் எடுத்தால் அது இரண்டு மடங்கு களவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பது தங்களுக்குத்தான் தெரியும்.

15. ஆகவே நான் தங்களிடம் வேண்டிக்கொள்வது பின்வருமாறு.

மேற்படி வேனையும் அதில் வருகிறவர்களையும் பிடித்து விசாரிக்க வேண்டும். மலைப்பாதை தொடங்கும் இடங்களில் வண்டிகளை நிறுத்தி, நாய் ஏற்றிப் போகிறவர்கள் அது யாரிடம் வாங்கியது என்பதற்குச் சீட்டுக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்ய வேண்டும். கோழிக்கும் ஆட்டுக்கும் கேட்கிற கேள்வியை நாய்க்கு ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் களவு இவ்வளவு சுலபமாக நடக்கிறது. செபஸ்தியம்மாளிடம் வாக்குமூலம் வாங்க வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வராமல் என் பட்டறைக்கு வரச்சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். அவரிடம் நானே போய்ச் சொல்லி, வாயைக் கட்டியதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன். மற்ற ஆறு நாய்கள் கிடைத்தால் உடனே அவரவர் வீட்டில் சேர்க்க வேண்டும். அந்த வீடுகளில் தடை ஒன்றும் இல்லை.

16. எங்கள் நாயை மட்டும், ஐயா, கண்டுபிடித்தாலும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஆத்தூரில் அணைக்கட்டுப் பக்கம் என் தங்கை புருஷர் பெருமாள்சாமி தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவரிடம் சேர்த்துவிட்டால் போதும். அவரிடம் விவரம் சொல்லியிருக்கிறேன். சங்கிலியில் போட மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்த்துக்கொள்வேன். இது கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். களவுபோன பொருளைத் திருப்பித் தராதே என்று மனுக் கொடுத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த நாய் படலுக்கு வெளியே வந்து படுத்த அன்றைக்கு என் மனைவி மறுபடியும் சோற்றை நிறுத்திவிடுவாள். அவளுக்கும் அந்தக் கடிதத்துக்கும் நடுவில் இப்போது இருப்பது அந்தக் களவு ஒன்றுதான். ஒரு திருடனால் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அதை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் அந்த அடுப்பை அணைக்க மனம் இல்லை. உண்மை என்றைக்காவது அவளுக்குத் தெரியத்தான் போகிறது. அதைச் சொல்ல வேண்டியவன் நான். நாய் வந்து சொல்லக்கூடாது.

17. இன்னொன்று. விசாரணைக்காகச் சீருடை போட்ட காவலர் யாரையும் செங்குளத்துப்பட்டிக்கு, அதிலும் எங்கள் தெருவுக்கு, அனுப்ப வேண்டாம். காக்கி உடுப்பில் ஒருவர் தெருமுனையில் திரும்பினால், மகன் வந்துவிட்டான் என்று அவள் வாசலுக்கு ஓடிவருவாள்.

18. கருவாயனை அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் நான் சொன்ன வெளுத்த வளையம் இருக்கும். இத்துடன் அனுப்பியிருக்கும் பட்டையை வைத்துப் பார்த்தால் சரியாகப் பொருந்தும். இடது காது நுனியில் கீரி கடித்த வடு உண்டு. அதிலும் சந்தேகம் இருந்தால், தங்கள் காவலர்கள் தயவுசெய்து ஒரே ஒரு தடவை அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கருவாயா என்று சற்று இழுத்துக் கூப்பிட வேண்டும், என் மகன் அப்படித்தான் கூப்பிடுவான். அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏழு மாதம் ஆகிறது. கூப்பிட்டவுடன் அது எழுந்து வரும். நான் கொடைரோட்டில் செய்யாததை அவர்கள் எனக்காகச் செய்ய வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நல்ல மனசை நம்பி இதை எழுதிய,

இடம்: திண்டுக்கல்
தேதி: 8–7–1963

(ஒப்பம்) வெ. மொக்கைச்சாமி

இணைப்பு:
தோல் கழுத்துப்பட்டை ஒன்று.
பித்தளைப் பூட்டு ஒன்று.
சாவி ஒன்று. (மொத்தம் இரண்டு. மற்றொன்று என் மகனிடம் இருக்கிறது.)